உளவாளியா, துரோகியா, அது யார் மண்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். 'உளவாளி கைது' என்று ஒரு செய்தி அச்சேறினால் போதும், உறவினர், பழைய நண்பர், பக்கத்து மேசைக்காரர் என்று எல்லோரும் அதே சந்தேகங்களோடு வந்துவிடுவார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்கின்றன.

எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்ற தீர்ப்பை இதில் தேட வேண்டாம். அந்த வழக்கில் நான் நீதிபதி இல்லை.

உளவு பார்ப்பது சட்டப்படி குற்றமா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, ஏனென்றால் சட்டம் இரண்டு. உள்நாட்டுச் சட்டத்தைக் கேட்டால், அநேகமாக எல்லா நாட்டிலும் குற்றம். இந்தியாவில் வெள்ளைக்காரர் காலத்து 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சர்வதேசச் சட்டத்தைக் கேட்டால், அமைதிக் காலத்தில் ஒரு நாடு இன்னொன்றை வேவு பார்க்கக் கூடாது என்று நேராகத் தடுக்கும் பொது உடன்படிக்கை ஒன்றுகூட இல்லை. எல்லோரும் செய்கிற வேலையைத் தடுக்க யார் முதலில் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே பிடிபட்ட ஆள் பிடித்த நாட்டில் குற்றவாளி. அனுப்பிய நாட்டுக்குத் தலைக்குனிவோடு சரி. ஆனால் அடுத்த நாட்டின் எல்லைக்குள் ஆள் அனுப்புவது அதன் இறையாண்மையை மீறுவதாகும் என்று வலுவான வாதம் உண்டு. அந்த வாதத்தை எடுத்தவுடன் 'எல்லை எது' என்ற கேள்வி முளைத்துவிடும். இந்தப் பக்கத்தின் மீதிப் பகுதி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

உளவாளி, தேசத்துரோகி: இரண்டும் ஒன்றுதானே? செய்தியில் மாற்றி மாற்றி எழுதுகிறீர்களே.

மாற்றி எழுதினால் அது எங்கள் தப்பு. துரோகம் செய்ய முதலில் விசுவாசக் கடன் இருக்க வேண்டும். தன் நாட்டு இரகசியத்தை விற்ற குடிமகன் துரோகி. வேற்று நாட்டிலிருந்து வந்து திருடியவன் உளவாளி, அவ்வளவுதான். அவன் தன் நாட்டுக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறான்.

எனவே குற்றப்பத்திரிகையில் 'துரோகம்' என்று எழுதும் அரசு, கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: இவர் எங்கள் குடிமகன். 'உளவு' என்று எழுதினால், இவர் அயலார் என்று ஒப்புக்கொள்கிறது. சாதாரண வழக்கில் இதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. ஒரே நிலத்தையும் மக்களையும் இரண்டு அரசுகள் தமதென்று சொல்லும் இடத்தில், வழக்கின் உயிரே இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இறையாண்மைச் சர்ச்சை என்றால் நிலத்தகராறுதானே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

நிலத்தகராறு அதில் ஒரு வகை. காஷ்மீர், கிரிமியா போன்றவை அந்த வகை. கடலிலும் வானத்திலும் கோடு எங்கே என்ற தகராறு இரண்டாவது. மூன்றாவது வகைதான் சிக்கலானது: கோட்டைப் பற்றிப் பேச்சே இல்லாமல், எதிரில் இருப்பது ஓர் அரசா இல்லையா என்பதே தகராறு. தைவான், இரு கொரியாக்கள், அந்தக் கால இரு ஜெர்மனிகள் இந்த வகையில் சேரும். உளவு வழக்குகள் மூன்றிலும் வெவ்வேறு விதமாகத் திரிகின்றன.

ஆளைப் பிடித்தாகிவிட்டது. எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் இடம் மாறினால் குற்றவாளியே மாறிவிடுவார். எஸ்டோனியப் பாதுகாப்பு அதிகாரி எஸ்டன் கோவர் வழக்கு இதற்கு நல்ல சான்று. 2014 செப்டம்பர் 5 அன்று ரஷ்ய எல்லையோரம் லுஹாமா அருகே அவர் பிடிபட்டார். தங்கள் மண்ணுக்குள் புகுந்து வானொலித் தொடர்பை முடக்கி, புகைக்குண்டு வீசித் தூக்கிச் சென்றார்கள் என்றது எஸ்டோனியா. தங்கள் பக்கத்தில், ப்ஸ்கோவ் பகுதியில், கைத்துப்பாக்கி, 5,000 யூரோ ரொக்கம், ஒலிப்பதிவுக் கருவிகளோடு சிக்கினார் என்றது ரஷ்யா. முதல் கதை உண்மையானால் அது ஆட்கடத்தல். இரண்டாவது உண்மையானால் உளவு. நடுவில் இருப்பது ஒரு காடும் சில காலடித் தடங்களும்தான்.

இதில் என்னைக் கவர்ந்தது ஒரு காகிதம். சம்பவத்துக்குப் பின் இரு நாட்டு எல்லைக் காவலர்களும் சேர்ந்து இடத்தைப் பார்த்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தடங்கள் ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்து திரும்பியதை அது காட்டுகிறது என்று எஸ்டோனியா கடைசிவரை அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாஸ்கோ அசைந்து கொடுக்கவில்லை. 2015 ஆகஸ்டில் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ரஷ்யாவுக்கு உளவு சொன்னதற்காக எஸ்டோனியச் சிறையில் இருந்தவரைக் கொடுத்துக் கோவரை வாங்கிக்கொண்டார்கள். பரிமாற்றம் நடந்தது எல்லைப் பாலம் ஒன்றில். இரு நாடுகளும் 2014 பிப்ரவரியில் கையெழுத்திட்ட எல்லை உடன்படிக்கையோ ஒப்புதல் பெறாமல் கிடந்தது.

குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா ஜெயித்தது என்கிறார்கள், பாகிஸ்தானும் ஜெயித்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இருவரும் தங்களுக்குப் பிடித்த பக்கத்தைப் படிக்கிறார்கள். முன்னாள் கடற்படை அதிகாரியான அவரை 2016 மார்ச் 3 அன்று பலுசிஸ்தானில் பிடித்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. ஈரானில் தொழில் செய்துகொண்டிருந்தவரைக் கடத்தினார்கள் என்றது இந்தியா. மேலே கோவர் விஷயத்தில் பார்த்த அதே இடச்சண்டை. 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த செய்தி வந்தது. இந்தியா மே மாதம் தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே கேட்கப்பட்ட கேள்வி மிகக் குறுகியது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, கைதான அயல்நாட்டவரை அவர் நாட்டுத் தூதரக அதிகாரிகள் சந்திக்கலாம். உளவாளிக்கு அந்த உரிமை கிடையாது என்று பாகிஸ்தான் வாதிட்டது. 2019 ஜூலை 17 தீர்ப்பில் 15க்கு 1 என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உளவுக் குற்றச்சாட்டு இருந்தாலும் உரிமை உண்டு, தண்டனையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றது. விடுதலை செய், தீர்ப்பை ரத்து செய் என்ற இந்தியாவின் கோரிக்கைகளை மறுத்தது.

அவர் உளவாளியா, எங்கே பிடிபட்டார் என்ற இரண்டையும் நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. அதற்கு அதிகாரம் கொடுத்ததே தூதரக உடன்படிக்கைதான், அதைத் தாண்டிப் போக வழியில்லை. தீர்ப்பில் இன்னொரு சின்ன இடத்தையும் கவனியுங்கள். வேறு பெயரில் ஒரு பாஸ்போர்ட் இருந்ததைக் காட்டி, அவர் இந்தியர் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று பாகிஸ்தான் சொல்லிப் பார்த்தது. இந்திய உளவாளி என்று தண்டித்துவிட்டு இந்தியர்தானா என்று கேட்பதா? அவர் இந்தியர் என்பதில் ஐயமில்லை என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது.

தூதரகத்துக்காரர் மாட்டினால் மட்டும் ஏன் 48 மணி நேரத்தில் விமானம் ஏற்றிவிடுகிறார்கள்? சிறை கிடையாதா?

கிடையாது. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தூதரைக் கைது செய்ய முடியாது. 'ஏற்கத்தகாதவர்' என்று அறிவித்து அனுப்பலாம், அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 1971இல் பிரிட்டன் ஒரே வீச்சில் 105 சோவியத் அதிகாரிகளை இப்படி ஒதுக்கியது. பதிலுக்கு எதிர்த்தரப்பும் ஆட்களை வெளியேற்றும் என்பதும் சடங்கின் ஒரு பகுதி.

எதிரில் இருப்பதை நாடாகவே அங்கீகரிக்காத இடத்தில் தூதரும் இல்லை, இந்தக் கவசமும் இல்லை. வெளியேற்றிக் கணக்கைத் தீர்க்கும் வழி அடைபட்டுவிடுவதால் அங்கே வழக்குகள் நேராகச் சிறைக்குப் போகின்றன.

ஒரே நாடு இரண்டாக உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டால் அந்தக் காலத்து உளவாளிகள் கதி என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிழக்கு ஜெர்மனியின் அயல்நாட்டு உளவுப் பிரிவை 30 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் மார்க்குஸ் வோல்ஃப். அவருடைய ஆள் கியூன்டர் கியோம் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் வில்லி பிராண்ட்டின் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தார். 1974இல் அது வெளிப்பட்டதும் பிராண்ட் பதவி விலகினார். 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. 1993இல் இணைந்த ஜெர்மனியின் நீதிமன்றம் ஒன்று வோல்ஃபுக்குத் துரோகக் குற்றத்துக்காக ஆறு ஆண்டுச் சிறை விதித்தது.

எந்த நாட்டுக்குத் துரோகம் செய்தேன் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவருக்குத் தெரிந்த நாடு கிழக்கு ஜெர்மனி, அதற்கு அவர் விசுவாசமாகத்தான் இருந்தார். மேற்கு ஜெர்மனியோ கிழக்கை ஒருபோதும் அயல்நாடாகக் கருதியதில்லை. ஜெர்மன் குடியுரிமை ஒன்றே என்பது அதன் நிலை. அந்தக் கணக்கின்படி ஜெர்மானியர் ஒருவர் ஜெர்மனியைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

1995 மே மாதம் அரசியல் சட்ட நீதிமன்றம் முடிச்சை அவிழ்த்தது. கிழக்கு மண்ணில் இருந்தபடி கிழக்குக்காக வேலை பார்த்த அதன் குடிமக்களை உளவுக்காகத் தண்டிப்பது அளவுக்கு மீறியது என்று சொன்னது. வோல்ஃபின் தண்டனை ரத்தானது. பின்னர் 1997இல் ஆட்கடத்தல் தொடர்பான பழைய குற்றங்களுக்காக, நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு ஆண்டுத் தண்டனை மட்டும் கிடைத்தது. மேற்கில் வாழ்ந்துகொண்டு கிழக்குக்கு உளவு சொன்ன மேற்கு ஜெர்மானியருக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. இரண்டாவது பதிலில் சொன்ன விசுவாசக் கடன் அவர்களுக்கு இருந்தது. தோற்றுப்போன அரசின் உளவாளிகளை வென்றவர்கள் தங்கள் சட்டத்தாலேயே விடுவித்தது வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

தைவான்காரர் சீனாவுக்கு இரகசியம் விற்றால் 'வெளிநாட்டுக்கு உளவு' என்று வழக்குப் போட முடியுமா?

பல காலம் அது பெரிய தலைவலியாக இருந்தது. தைவானின் அரசியல் சட்டம் 'சீனக் குடியரசு' என்ற பெயரில் எழுதப்பட்டது. அதன் பார்வையில் பெருநிலச் சீனா அயல்நாடு ஆகாது. 1992ஆம் ஆண்டுச் சட்டமே 'தைவான் பகுதி', 'பெருநிலப் பகுதி' என்றுதான் பேசுகிறது. குற்றவியல் சட்டத்தில் அயலாருக்குத் துணைபோகும் குற்றத்துக்குக் கடுமையான தண்டனை உண்டு. ஆனால் 'அயல்நாடு' என்ற சொல்லுக்குள் பெய்ஜிங் அடங்குமா? அடங்கும் என்றால் தங்கள் அரசியல் சட்டத்தையே மறுத்ததாகும். அடங்காது என்றால் உளவாளி லேசான பிரிவில் தப்பிவிடுவார்.

2019இல் குற்றவியல் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பெருநிலப் பகுதி, ஹாங்காங், மக்காவ், எல்லைக்கு அப்பாலுள்ள பகைச் சக்திகள் ஆகியவற்றுக்காகச் செய்தாலும் அதே தண்டனை. அயல்நாடு என்று சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. சட்டம் எழுதியவர் கெட்டிக்காரர்.

பெய்ஜிங் பக்கம் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. தைவான்காரர் தன் குடிமகன் என்பதால், சுதந்திரம் கேட்பவர் மீது 'பிரிவினை' வழக்கு. தைவான் அரசியல் ஆர்வலர் ஒருவருக்கு 2024இல் ஒன்பது ஆண்டுச் சிறை கிடைத்தது அந்தக் குற்றத்துக்குத்தான்.

தென்கொரியாவிலும் இதே கதை. அதன் அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு கொரியத் தீபகற்பம் முழுவதையும் தன் எல்லை என்கிறது. ஆகவே வடகொரியா நாடு ஆகாது, 1948ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் மொழியில் அது 'அரசுக்கு எதிரான அமைப்பு'. வடக்கிலிருந்து அனுப்பப்பட்டு, கொள்கையைக் கைவிட மறுத்ததால் பத்தாண்டுக் கணக்கில் சிறையிலிருந்தவர்களில் 63 பேர் 2000 செப்டம்பரில் எல்லை தாண்டி வடக்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் 40 ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர்கள்.

ராத்திரி ஒரு நாட்டில் படுத்து காலையில் வேறு நாட்டில் எழுந்தவர் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்?

கிரிமியா பற்றிக் கேட்கிறீர்கள். 2014 மார்ச் 18 அன்று ரஷ்யா அதைத் தன்னோடு இணைத்தது. அங்கே வாழ்ந்த உக்ரைனியர்கள் ஒரு மாதத்துக்குள் மறுத்து எழுதிக் கொடுக்காவிட்டால் ரஷ்யக் குடிமக்கள் என்றது. ஐ.நா. பொதுச்சபை மார்ச் 27 அன்று 100 வாக்குகளால் (எதிர்ப்பு 11, நடுநிலை 58) உக்ரைனின் எல்லை மாறவில்லை என்று தீர்மானித்தது. மாஸ்கோ கணக்கில் அந்த மக்கள் ரஷ்யர்கள், நியூயார்க் கணக்கில் ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்து உக்ரைனியர்கள்.

கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் கைதான திரைப்பட இயக்குநர் ஓலெக் சென்ட்சோவ் மீது போட்டது உளவு வழக்கு அல்ல, பயங்கரவாத வழக்கு. ஆனால் நம் கேள்விக்கு அது பொருந்தும். அவரை ரஷ்யக் குடிமகன் என்று சொல்லி உக்ரைன் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க விடவில்லை. ஜாதவ் பதிலில் சொன்ன 36ஆம் பிரிவு அயல்நாட்டவருக்குத்தானே? குடியுரிமையை மாற்றினால் அந்தப் பிரிவு மாயமாகிவிடும். நிலத்தோடு சேர்த்துக் கைமாற்ற நான் பண்ணையடிமை இல்லை என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2019 செப்டம்பர் 7 கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.

ஆக்கிரமிப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. ஆக்கிரமித்த அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யும்படி மக்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 45ஆம் பிரிவு. 1949ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா உடன்படிக்கையோ, மரண தண்டனை விதிக்கும் முன் இவருக்கு உங்களிடம் விசுவாசக் கடன் இல்லை என்பதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. அதாவது அங்கே வாழ்பவரைத் தண்டிக்கலாம், துரோகி என்று அழைக்கத்தான் முடியாது.

அப்படியானால் ஆக்கிரமிப்பில் இருக்கும் ஊரிலிருந்து தன் படைக்குத் தகவல் சொன்னவர் உளவாளியா, தியாகியா?

போர்ச் சட்டம் தியாகியைப் பற்றிப் பேசுவதில்லை, உடையைப் பற்றிப் பேசுகிறது. 1907 விதிகளின்படி மறைந்து அல்லது பொய் வேடத்தில் தகவல் சேர்ப்பவன்தான் உளவாளி. சீருடையோடு எதிரிப் பகுதிக்குள் ஊடுருவிப் பார்ப்பவன் உளவாளி இல்லை, பிடிபட்டால் போர்க்கைதி. பிடிபட்ட உளவாளியையும் விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது.

ஒரு வினோதமான விதியும் அதில் இருக்கிறது. உளவு வேலையை முடித்துத் தன் படையோடு சேர்ந்துவிட்டவன் பின்னொரு நாள் சிக்கினால், பழைய உளவுக்காக அவனைத் தண்டிக்க முடியாது. தொட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டால் ஆட்டத்தில் அவுட் இல்லை என்பதைப் போல.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை உங்கள் கேள்வியையே கையில் எடுத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் வசிக்கும் படைவீரர் அங்கே கண்ணில் பட்டதைச் சேர்த்தால் மட்டும் உளவாளி ஆகமாட்டார், பொய் வேடமோ திட்டமிட்ட மறைவோ இருக்க வேண்டும் என்கிறது. சாதாரணக் குடிமகனுக்கு இந்தக் குடை விரிவதில்லை. அவர் கைபேசியில் டாங்கியைப் படமெடுத்து அனுப்பினால் பாதுகாப்பு மிகவும் குறைவு.

கடலில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? கப்பல் உள்ளே வந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

அவரவர்தான். கரையிலிருந்து 12 கடல் மைல்வரை ஆட்சிக் கடல், 200 வரை பொருளாதார மண்டலம் என்பது 1982 கடல் சட்டம். ஆட்சிக் கடலுக்குள் வேவு பார்த்துக்கொண்டு போவது தீங்கற்ற பயணம் ஆகாது என்று அது சொல்கிறது. 12க்கும் 200க்கும் நடுவில் வேவு பார்க்கலாமா? கூடும் என்கிறது அமெரிக்கா, கூடாது என்கிறது சீனா. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அப்பால் அமெரிக்க வேவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதியது அந்த நடுப்பகுதியின் மேல்தான். சீன விமானி இறந்தார். தீவில் இறங்கிய 24 அமெரிக்கர்களும் 11 நாள் காவலில் இருந்தார்கள். விமானத்தைப் பறந்து போக விடாமல், கழற்றிச் சரக்கு விமானத்தில் ஏற்றித்தான் அனுப்பினார்கள்.

அதைவிட விசித்திரம் பியூப்லோ என்ற அமெரிக்க வேவுக் கப்பல். 1968 ஜனவரி 23 அன்று வடகொரியா அதைப் பிடித்தது. தங்கள் கடலுக்குள் புகுந்தது என்றது பியாங்யாங், வெளியேதான் நின்றது என்றது வாஷிங்டன். ஒருவர் இறந்தார், 82 பேர் 11 மாதம் சிறையில். கடைசியில் அமெரிக்கத் தளபதி ஒருவர் மேசையில் உட்கார்ந்து, இந்த மன்னிப்புக் கடிதத்தில் உள்ளது உண்மை இல்லை, ஆட்களை மீட்க மட்டுமே கையெழுத்திடுகிறேன் என்று உரக்கப் படித்துவிட்டு, அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வடகொரியாவுக்குக் காகிதம் போதும், அமெரிக்காவுக்குக் குரல் போதும். 82 பேரும் ஊர் திரும்பினார்கள், கப்பல் இன்றும் பியாங்யாங்கில் காட்சிப் பொருள்.

செயற்கைக்கோள் நாள் முழுக்க மேலிருந்து பார்க்கிறதே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

விண்வெளியில் யாருக்கும் இறையாண்மை இல்லை என்பது 1967 உடன்படிக்கை. நாட்டின் வான்வெளியில் பறந்தால் கேட்கலாம். 1960இல் சோவியத் யூனியன் அமெரிக்காவின் யு-2 வேவு விமானத்தைச் சுட்டதும் 2023இல் அமெரிக்கா சீன பலூனைச் சுட்டதும் அதனால்தான். வான்வெளி எந்த உயரத்தில் முடிகிறது என்று எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை.

நட்பு நாடுகளுக்குள் இதெல்லாம் நடக்காது இல்லையா?

கிழக்குத் திமோரைக் கேட்டுப் பாருங்கள். 2002இல் விடுதலை பெற்ற அந்தச் சின்ன நாட்டுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கடல் எல்லை முடிவாகவில்லை. கீழே எண்ணெய், எரிவாயு. 2004இல் உதவித் திட்டம் ஒன்றின் பேரில் அதன் தலைநகர் திலியில் அரசு அலுவலகங்களைப் புதுப்பித்தபோது, சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவிகளை ஆஸ்திரேலிய உளவுத்துறை வைத்தது என்பது குற்றச்சாட்டு. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுவரில் காதைப் பதித்துவிட்டுப் போன கதை. 2006இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எதிரியின் கைச்சீட்டைப் பார்த்தே ஆடினார்கள் என்று திமோர் நடுவர் மன்றம் போனது.

2013 டிசம்பரில் திமோர் தரப்பு வழக்கறிஞரின் கான்பெரா அலுவலகத்தை ஆஸ்திரேலியா சோதனையிட்டு ஆவணங்களை அள்ளியது. அடுத்த மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆவணங்களை முத்திரையிட்டு வைக்கச் சொன்னதோடு, திமோருக்கும் அதன் வழக்கறிஞர்களுக்கும் நடுவே நடக்கும் பேச்சில் தலையிடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் புதிய எல்லை உடன்படிக்கை வந்தது. ஒட்டுக்கேட்டதை வெளியே சொன்ன முன்னாள் அதிகாரிதான் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார்.

சிக்குபவர்களில் எத்தனை பேர் உண்மையில் உளவாளி?

கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் தவறு நடக்கும் விதம் பழகிப்போனது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் கைதானார், 1996இல் குற்றச்சாட்டு பொய் என்று சிபிஐ சொன்னது, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஆண்டு 2018. அந்தத் தொகையை நடுவில் போன 24 ஆண்டுகளால் வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பேரத்துக்காகப் பிடிப்பதும் உண்டு. 2018 டிசம்பர் 1 அன்று சீன நிறுவனமான ஹுவாவேயின் அதிகாரி மெங் வான்சூ கனடாவில் கைதானார். பத்தே நாளில் சீனாவில் இரண்டு கனடியர்கள் பிடிபட்டார்கள், பின்னர் உளவுக் குற்றம் சாட்டப்பட்டது. 2021 செப்டம்பரில் மெங் விமானம் ஏறிய நாளிலேயே இவர்களும் ஏறினார்கள். தொடர்பே இல்லை என்று பெய்ஜிங் சொன்னது.

இது புது நோய் இல்லை. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று சோழர் இருவர் ஒரே குடியின் உரிமைக்கு மோதிய காலத்தில், நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் நுழைந்த இளந்தத்தன் என்ற புலவரை 'ஒற்று வந்தான்' என்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றினார் என்கிறது புறநானூற்று 47ஆம் பாட்டின் குறிப்பு. பரிசில் தேடி ஊர் ஊராகப் போவதுதான் புலவன் பிழைப்பு. மண் இரண்டாகப் பிளந்த பிறகு அதே நடை ஒற்றன் நடையாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் மும்பைத் துறைமுகம் அருகே, காலில் சீன எழுத்துப் போன்ற குறிகள் கொண்ட வளையங்களோடு ஒரு புறா பிடிபட்டது. எட்டு மாதம் காவல். கடைசியில் அது தைவானிலிருந்து வழிதவறி வந்த பந்தயப் புறா என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். சீனப் புறாவா தைவான் புறாவா என்று அதற்கும் ஒரு இறையாண்மைச் சிக்கல்!

வெறும் வரைபடம் வரைந்தால்கூட வழக்கு வருமா?

வரும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ், இந்திய நில அளவைத் துறையின் படத்துக்குப் பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. பல நாடுகளில் இப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. எல்லைத் தகராறு உள்ள இடத்தில் நில அளவையும் உளவும் ஒரே கருவியைத்தான் கையாளுகின்றன.

நைன்சிங் ராவத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் நில அளவைத் துறை, அயலார் நுழைய முடியாத திபெத்துக்கு 1865இல் அவரை யாத்திரீகர் வேடத்தில் அனுப்பியது. ஒரே அளவாக அடி வைத்து நடக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். 108 மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் 100 மணிதான். நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார், மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் காலடி. ஜெபச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவுக் குறிப்புகள்.

கடைசிப் பயணத்தில் லே நகரிலிருந்து லாசா வழியாகத் தெற்கே இறங்கியவரைத் தவாங்கில் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். விடுபட்டு 1875இல் அசாம் வந்து சேர்ந்தார். இன்று தவாங் இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது, சீனா தனதென்கிறது. அவரை நிறுத்தி வைத்தவர்கள் எந்த அதிகாரத்தில் நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தி ஹேக் வரை போக வேண்டியிருக்கும்.